அன்னாசி வைன் இறங்கவில்லை

நவ. 2, ஞாயிறு
காலையிலிருந்து மழை. அம்பிட்டிய மேடு முழுக்க மூட்டம். வைன் ஜாடியிலிருந்து மாதிரி எடுத்தேன். கொதிநீரில் கழுவிய சிரிஞ்ச், உயரக் கிளாஸ், அதில் மிதந்து அடர்த்தி காட்ட நீரமானி. 1.008. தொடங்கியபோது 1.085. ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன அது தாழும். 1.000-க்குக் கீழே போனால் போத்தலில் அடைக்கலாம்.

அப்பாவின் குடி அப்பாவோடு போன பிறகு இந்த வீட்டுக்குள் வரும் முதல் மது. அம்மா கதவருகில் நின்று, "கெட்டுப்போச்சுன்னா கொட்டிரணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். எடுத்த மாதிரியைத் திரும்ப ஊற்றக் கூடாது. நாளை மணம் பார்க்கக் கிளாசோடு மூடி வைத்தேன்.

நவ. 5, புதன்
பௌர்ணமி, போயா லீவு. துணி காயவில்லை. 1.009. ஏறியிருக்கிறது! ஒட்டிய குமிழிகள் உதிர நீரமானியைச் சுழற்றிவிட்டேன். அதே.

செய்முறை சொல்லித்தந்த ஸ்டெல்லா அக்காவுக்கு ஃபோன்.
"குமிழி வருதா?"
"வருது அக்கா."
"அப்ப உசுரோடதான் இருக்கு. சும்மா தொறந்து தொறந்து பாக்காத."

நவ. 9, ஞாயிறு
1.008. வாசிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கம், மூன்று முறை. வைன் போனால் போகட்டும். இந்த வீட்டில் ஒரு போத்தல் யாரையும் பயமுறுத்தாமல் இருக்கலாம் என்று காட்ட நினைத்தேன்.

நவ. 10, திங்கள்
வேலை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். "கொட்டிரலாம்மா. இறங்கவே இல்ல."

அம்மா பருப்புக் கழுவுவதை நிறுத்தினார். "போன திங்கக்கிழம நீ வேலைக்குப் போன பின்னாடி கிளாசுல இருந்தத நாக்குல வச்சுப் பார்த்தேன். ஒரே புளிப்பு. கெட்டுருச்சுன்னு நீ கொட்டிருவியேன்னு சீனி போட்டேன்."
"ஜாடிக்குள்ளயா?"
"பின்ன?"
"எத்தன கரண்டி?"
"கரண்டியா. கப்பு. நீ அளந்து அளந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்ட. மறுபடி போட்டேன். இன்னைக்கும்."

அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஈஸ்ட் பாவம், போடப்போடத் தின்றிருக்கிறது. சீனி தீர்ந்தால் வைன் புளிக்கத்தான் செய்யும் என்று யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. நானும்தான்.

நவ. 19, புதன்
வெயில். சீனி போடவில்லையாம், சத்தியம். அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தார். "எந்தக் கோடு?" 1.000-ஐக் காட்டினேன். "அது உள்ள முங்கிருச்சே." 0.998.

கேட்காமலே கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார்.

"இருக்கட்டும்."