பன்னிரண்டு நாற்றும் பிழைத்தால்

மார்ச் 3, செவ்வாய்

மனைவிக்குத் தலைமை நர்ஸ் பதவி வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் எட்டு மணி நேரப் பயணத்தில் வேறு ஊர், ஒரு வருடம். மாதம் இரண்டு தடவை வருவாளாம். ஏப்ரல் ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நான் இல்லாம நீங்க சமாளிப்பீங்களான்னு எப்படி நம்பறது?" என்றாள். பிறகு ஜன்னலோரம் முளைத்து நின்ற தக்காளி நாற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"பன்னெண்டு இருக்கு. பிரிச்சு, தனித்தனியா தொட்டியில வெச்சு, வெளியில நட்டு வளக்கணும். நான் தொடவே மாட்டேன். இதுங்க பொழச்சா நீங்களும் பொழச்சுக்குவீங்க. நான் தைரியமா போவேன்."

தலையாட்டினேன். இருபத்தாறு வருடப் பழக்கம்.

மார்ச் 4

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. பிழைத்தால் போவாள். அப்படியென்றால், பிழைக்காவிட்டால்?

மார்ச் 8, ஞாயிறு

பிரித்தாயிற்று. வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும், இலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டுமாம். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போடுகிற சின்ன இடுக்கியைக் கடையிலிருந்து கொண்டுவந்தேன். இரண்டு மணி நேரம். நாலு செடியாவது செத்தால் தேவலை என்று உட்கார்ந்தவன், ஒரு வேர் அறுந்ததற்கு ஐயோ என்றேன். கைக்கு என் திட்டம் தெரியாது போலிருக்கிறது.

மார்ச் 11

தண்ணீர் ஊற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிவைக்கிறேன்.

மார்ச் 12

காலையில் பன்னிரண்டும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பார்க்காத மாதிரி கடைக்குப் போய்விட்டேன். மனசு கேட்கவில்லை. பாதி வேலையில் ஓடிவந்து ஊற்றினேன். ஊற்றி முடித்த பிறகுதான், கண் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மாவை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால் அவர் இன்னும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்.

மார்ச் 19

வெயிலுக்குப் பழக்குகிறேன். நேற்று ஒரு மணி நேரம், இன்று இரண்டு. வெளியே தூக்கு, உள்ளே தூக்கு.

"நம்ம பொண்ண இப்படி ஒரு நாளாவது தூக்கியிருக்கீங்களா?" என்கிறாள்.

தூக்கியிருக்கிறேன். தேதி நினைவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

வெயில் தாழ்ந்ததும் தோட்டத்தில் நட்டேன். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதியை மண்ணுக்குள் இறக்கி. பக்கத்து வீட்டு ஆடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் மேற்பார்வை பார்த்தது.

ஏப்ரல் 2

எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையில் கேட்டைத் திறந்துவைத்தது நான்தான். பழி ஆட்டின் மேல் போகட்டும் என்று. வேலியே பயிரை மேய்கிற கதை. ஜன்னலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆடு வந்தது. முதல் செடியை மோந்து பார்த்தது.

அவ்வளவுதான். பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு தெருமுனை வரை துரத்தினேன். வாயெல்லாம் நுரை. ஆட்டுக்காரர் ஆட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினார். "உங்களை எதாவது கடிச்சுதா?" என்று கேட்டார்.

எனக்கு என்னதான் ஆச்சு? அவ போகணுமா, வேண்டாமா? டைரியே, நீயே சொல்லு.

ஏப்ரல் 5, ஞாயிறு

எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினாள்.

"ஒண்ணுகூடவா சாகல?"

"இல்ல."

படியில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு செடியாவது செத்திருந்தா, உங்களைக் காரணம் காட்டி வேண்டாம்னு சொல்லியிருப்பேன். பயமா இருக்குங்க. இந்த வயசுல புது ஊரு, புது ஆளுங்க."

அவளும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, விட்டுடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு மாதமாக அதற்குத்தானே பாடுபட்டேன்.

"நீ போ," என்றேன். "இடம் மாத்தினா ரெண்டு நாள் வாடும். அப்புறம் பிடிச்சுக்கும்."

"நான் என்ன தக்காளியா?" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு சம்மதக் கடிதத்தை எழுத உள்ளே போனாள்.

ஏப்ரல் 13

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் சத்தமே இல்லை.

மே 3, ஞாயிறு

போன் செய்தாள். அடுத்த வாரம் வர முடியாதாம், அவளே முதல் தடவையாக வார்டு கூட்டம் நடத்துகிறாளாம். மூச்சு விடாமல் பேசினாள். செடி எப்படி என்று கேட்டாள். இருக்கு, அப்படியேதான் இருக்கு என்றேன்.

காலையில் மூன்று செடிகளில் பூ விட்டிருந்தது. சொன்னால், கூட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள்.