காலிக்குப் போன காப்பு நூல்

14.2.1982
வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாய்த் தண்ணி மாறிக்கொண்டு நின்றேன். சங்கக்கடைக் கனகலிங்கம் சைக்கிளை வரம்பில் போட்டுவிட்டு ஓடிவந்தார். மார்ச் ஐந்தாம் திகதி, தெற்கே கடலோரக் காலிப் பட்டணத்தில் வெள்ளைக்காரர் தங்குகிற ஹோட்டலில் எங்கள் காமன் கூத்தாம். "பகல் கோட்டை பாக்கலாம், கிரிக்கெட் பாக்கலாம், பின்னேரம் கூத்து. நீர்தான் ரதி, பழனியாண்டி."
நான் இல்லாமல் வேறு யார்? தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலம் தொட்டு, எரிந்த காமனுக்காகப் புலம்புகிற ரதி வேசம் எனக்குத்தான்.

17.2
இரணைமடுக் குளத்துக் கட்டு மேலே நடந்தேன். இது கோட்டை மதில், அது கடல் என்று நினைத்துக்கொண்டு. முல்லைத்தீவுக் கடல் பார்த்ததுதான். மதில் மேலே நின்று பார்க்கிற கடல் எப்படி இருக்கும்?

21.2
காப்புக் கட்டினவன் காமனை எரிக்கும்வரை ஊருக்கு வெளியே தங்கக்கூடாது. அதனால் காலிக்குப் போகிற யாரும் இந்த வருசம் காப்புக் கட்டுவதில்லை. ஊரில் என்னிடம் கூத்துப் பழகுகிற கணபதி ரதி ஆடட்டும்.

26.2
கோயிலடியில் காமன் கம்பம் நட்டார்கள். சும்மா பார்க்கத்தான் போனேன். "ரதி வா" என்றார் பூசாரி. கை தானாக நீண்டுவிட்டது! மஞ்சள் நூல் சுற்றி முடிச்சும் விழுந்தாச்சு. பக்கத்தில் கணபதி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். சனியன் பிடிச்ச கை!
"யாரும் இழுத்தாங்களா? நீங்களாத்தானே நீட்டுனீங்க" என்றாள் மீனம்மா. கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது?

27.2
"அறுத்துப்போட்டு வாருமன், ஆர் கேக்கப்போயினம்?" — கனகலிங்கம். யாரும் கேட்கமாட்டார்கள். என் மனசு கேட்குமே.

5.3
அங்கே காலியில் எனக்குப் பதில் கணபதி ஆடுகிறான். இங்கே நாற்பது பேருக்கு முன்னால் நான். "இன்னைக்கு உங்க அழுகை நெசம்" என்றாள் மீனம்மா. இருக்காதா பின்னே!

8.3
கணபதி வந்துவிட்டான். ரதி புலம்பும்போது வெள்ளைக்காரர் கைதட்டினார்களாம். "எனக்குச் சிரிப்பு வந்துருச்சு அண்ணே." பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பற்றிக் கேட்டேன்.
"கடலா? வேசம் கட்டவே நேரம் சரியாப் போச்சு, பாக்கல்ல."
பாவி! பார்க்கல்லயாம்!

10.3
விடியக் காமனை எரித்தோம். காப்பு அவிழ்த்தாச்சு. நூலைத் தண்ணியில் விடவேணும். இரணைமடுவுக்குப் போகவில்லை, மடியில் முடிந்துகொண்டேன்; காலிக் கடல் இருக்கே. மீனம்மா கவனித்துவிட்டாள்.
"வெங்காயத்துக்கு யாரு தண்ணி மாறுறது?"
"கணபதி. ரதி வேசம் வாங்கினான்ல, இதையும் வாங்கட்டும்."
மீனம்மா பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்து உதறினாள்.

14.3, காலி
மதில் மேலே இருக்கிறோம். ஒரு பக்கம் கிரிக்கெட், ஒன்றும் விளங்கவில்லை. மற்றப் பக்கம் கடல். இரணைமடுக் கட்டில் நான் நினைத்தது இதில் கால்வாசி இல்லை.
நூலை விட்டேன். மஞ்சளாகக் கொஞ்ச நேரம் தெரிந்தது. ரதி புலம்பலில் நாலு அடி வாய்க்குள் வந்தது, பாடினேன். யாரும் கைதட்டவில்லை.
ரயிலுக்கு நேரமாச்சு என்று எழும்பினேன். மீனம்மா எழும்பவில்லை.
"அடுத்த ரயில்ல போவோம். மொதல்ல இருந்து பாடுங்க."