ஆடிக் காற்றும் ஆறு பிளைவுட்டும்

ஆடி 9, வெள்ளி

காற்று. வாயைத் திறந்தால் புழுதி. செல்வியைப் பேரையூரில் அவள் அம்மா வீட்டில் விட்டு இன்றோடு பத்து நாள். கல்யாணமாகி முதல் ஆடி, வழக்கத்தை மாமியார் விடுவாரா? ஆவணி முதல் தேதி வருவாள். அதற்குள் படுக்கையறைக்கு ஓர் அலமாரி. அவளுக்குத் தெரியாது. தச்சன் பெண்டாட்டியின் சேலைகள் இன்னும் சூட்கேஸில். வெட்கக்கேடு.

பிளைவுட் வந்தது. ஆறு பலகை, எட்டுக்கு நாலு. செல்லூர்ச் சந்துக்குள் லோடு வண்டி நுழையாது. வண்டிக்காரன் முனை டீக்கடைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். கூட வேலை செய்பவனும் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான். நான் மட்டும்.

ஆடி 10, சனி

வாங்க: கீல், பசை, டீத்தூள்.

பலகையைத் தலையில் வைத்து நடந்தேன். பத்தடிகூட இல்லை. காற்று அடியில் புகுந்து கிளப்பியது, பலகையோடு நானும் சுற்றினேன். எதிர்வீட்டு சரோஜா அக்கா தறிக்குப் பாவு விரித்திருந்தார், சந்து நீளத்துக்குச் சேலை நூல். அதற்கு ஒரு சாண் முன்னால் பலகையைக் கீழே போட்டேன். கால் விரல் தப்பியது.

"ஏப்பா, ஒரு நூலு அந்துச்சு, ஒன்னயத்தான் உக்கார வச்சுப் பிணைக்க விடுவேன்!"

"பாவ எப்பக்கா எடுப்பீங்க?"

"வெயிலேறித்தான்."

வெயிலேறினால் காற்று இன்னும் பேயாட்டம். நல்ல கதை.

போனில் செ.: "ஏன் மூச்சு வாங்குது? ஒத்தையில எதையும் தூக்கிராதீங்க. நான் வாரப்ப ஆளு முழுசா இருக்கணும்." சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பயமாகத்தான் இருந்தது.

ஆடி 11, ஞாயிறு

குளிக்கும்போது தோன்றியது. படுக்கவைத்தால் நாலடி அகலம், நிற்கவைத்தால் முக்கால் அங்குலம்! பாவு ஓரமாகவே போய்விடலாம். கட்டையில் பலகை நிற்க ஒரு பள்ளம், இருபுறமும் பழைய சக்கரம், சின்னத் தள்ளுவண்டி. ஒரு மணி நேர வேலை. இத்தனை வருஷம் தலையைத் தேய்த்திருக்கிறேன்.

ஆடி 12, திங்கள்

விடியற்காலை. பாவு உண்டு, காற்று இல்லை. நினைவுக்கு:
- கையுறை, செருப்பு அல்ல ஷூ
- ஒரு மூலையை மட்டும் கிளப்பி, காலால் வண்டியை அடியில் தள்ளு
- காற்று வந்தால் மல்லுக்கட்டாதே, சுவரில் சாய்த்து நில்
- ஒரு நடைக்கு ஒன்று

அக்கா பாவுக்கும் பலகைக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டே கூட நடந்தார். ஆறாவது பலகை வீட்டுக்குள் வந்ததும் அவரே டீ வாங்கித் தந்தார். முதுகில் வலி இல்லை. விசிலடித்துக்கொண்டே அறுத்தேன்.

ஆடி 25, ஞாயிறு

முடிந்தது. முன்னறை முழுக்க அலமாரி. அடேயப்பா, என்ன அழகு! கதவை முப்பது தடவையாவது திறந்து மூடியிருப்பேன். இன்னும் ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஆவணி 1, ஞாயிறு

செ. வந்துவிட்டாள். பையை இறக்குமுன் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அலமாரியைத் தடவினாள், உள்ளே தலையை விட்டு மோந்தாள், கண் கலங்கினாள். நானும்தான். பிறகு படுக்கையறை வாசலைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

வாசல் இரண்டரை அடி. அலமாரி எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது. எல்லாவற்றையும் அளந்தேன், அதை மட்டும் அளக்கவில்லை.

சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கழட்டுங்க. அந்த வண்டியக் கொண்டாங்க. இந்தத் தடவ நான் தள்ளுறேன்."