வயல் இல்லாத ஊரில் ஓர் ஆங்கிலப் பரீட்சை

2025 மார்ச் 2, ஞாயிறு

டிக்கோயா மாதா கோயில் மண்டபத்தில் ஆங்கில எழுத்து வகுப்பு இன்று தொடங்கியது. ஆரம்ப நிலை. மே கடைசியில் ஹட்டனில் பரீட்சை. பன்னிரண்டு பேர் பதிந்திருக்கிறோம். பெரும்பாலும் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள். நான் பட்டதாரி என்று யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் நுவரெலியாவில் ஒரு நேர்முகத்தில், உங்களைப் பற்றி ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று ஒரு தாளைத் தந்தார்கள். இருபது நிமிடம் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன். அதையும் சொல்லவில்லை. கடைசி வாங்கில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் பிந்தி நாகலெட்சுமி அக்கா வந்தார். எங்கள் தோட்டம்தான், அம்மாவோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். முப்பத்தொன்பது வயது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஒரு பையன் சிரித்தான். அவர் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"ராசம்மாக்கா மகதானே நீ? ஏன் புள்ள இங்க வந்து ஒளிஞ்சிருக்க? முன்னுக்கு வா. எனக்கு தூரத்துல கண்ணு தெரியாது. நீ போர்டைப் பாத்துச் சொல்லு, நான் எழுதுறேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். முதல் வாங்கு! இரண்டு காதும் சூடாகிவிட்டன எனக்கு.

மார்ச் 3

அம்மா: "கெம்பஸ் போன புள்ள, நாகுகூட ஒக்காந்து ஏபிசிடி படிக்குதாமே. மலை பூரா அதான் பேச்சு."



மார்ச் 16, ஞாயிறு

பஸ்ஸில் வரும்போது கேட்டேவிட்டேன், இது எதற்கு அக்கா என்று.

எங்கள் டிவிசனில் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு யோகேஸ்வரன் ஐயா ஜூனோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குத் தோட்டத்து ஆளையே எடுக்கலாம் என்று தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, சொல்லியிருக்கிறார். அக்கா நேராக ஆபீசுக்குப் போய், நான் செய்கிறேன் என்றாராம். காலையில் எல்லோரும் கூடும் பெரட்டில் நின்று ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவது அவருக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் அன்றன்று மலையில் நடந்ததைக் கண்டாக்கு ஆங்கிலத்தில் எழுதி ஆபீசுக்குக் கொடுக்க வேண்டும். ஜூன் முப்பதுக்குள் எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிய தாளோடு வந்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் வெளியாள் வருவார் — இதுதான் துரையின் பேச்சு.

இந்தத் தோட்டத்தில் இதுவரை பெண் ஒருத்தி கண்டாக்காக இருந்ததில்லை.

யோகேஸ்வரன் ஐயா பெரட்டில் வைத்தே கேட்டாராம்: "என்னா நாகு, இங்கிலீசு எழுதினா கொழுந்து தானா வந்து கூடையில விழுமா?"

"தெரிஞ்ச வேலைக்குத் தெரியாத பாசையில தாள் கேக்குறது நான் இல்லீங்களே ஐயா. நீங்கதானே கேக்குறீங்க."

அவரிடம் இப்படிப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை. நானாக இருந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

மார்ச் 27

அக்கா தன் மகளுடைய கொப்பியிலிருந்து 'என் கிராமம்' கட்டுரையைத் துண்டு துண்டாக எழுதி, இடுப்பில் கட்டும் படங்குக்குள் வைத்துக்கொண்டு மலையிலேயே பாடமாக்குகிறாராம். ஒரு தேயிலை நிரை முடிப்பதற்குள் முழுதாக ஒரு தடவை சொல்லிவிடுகிறாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கம்மா."

"அவளப் பாத்துச் சிரிக்கல புள்ள. எனக்கே வந்துருச்சு. கேக்குறியா? மை வில்லேஜ் இஸ் வெரி பியூட்டிபுல். பெடி பீல்ட்ஸ், பெடி பீல்ட்ஸ்..."

அடுப்படியில் நின்றுகொண்டு அம்மா ஆங்கிலம் பேசினார். இந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. அக்கா முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்றே கட்டுரை முழுவதையும் ஒப்புவித்தார். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. எனக்கு அந்த வேகம் வராது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

ஜெரோமி மிஸ் இன்று மாதிரிப் பரீட்சை வைத்தார். மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும், ஹட்டன்காரர், சத்தமாகப் பேசமாட்டார். கேள்வி: உங்களைப் பார்க்க வரும் நண்பருக்கு, உங்கள் இடம் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். எழுதிக் கொடுத்தோம். மிஸ் ஒவ்வொரு தாளாக எடுத்து முதல் மூன்று வரியை வாசித்தார். முதல் தாளில் பச்சைப் பசேல் என்ற வயல், ஓர் ஆறு, ஒரு மாட்டு வண்டி. இரண்டாவது தாளில் வயல், ஆறு, மாட்டு வண்டி. ஆறாவது தாளுக்கு வரும்போது பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒன்பதாவது என்னுடையது. பன்னிரண்டு பேரும் அதே கிராமத்தில்தான் குடியிருந்தோம்.

"இதுல யார் வீட்டுக்குப் பக்கத்துல வயல் இருக்கு? கைய தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"கினிகத்தேனப் பக்கம் பஸ்ல போறப்போ பாத்திருக்கேன் மிஸ்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மிஸ்ஸும் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாடமாக்கினத எழுதினா புள்ளி கிடைக்காது. என்ன கேக்குறாங்களோ அதுக்குத்தான் எழுதணும். இதுல எங்க இருக்காரு அந்த நண்பர்? எவர் தாளிலயுமே அவர் வரலையே."

அக்கா தன் தாளை வாங்கி நாலாக மடித்தார்.   பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குக் கொஞ்சம் முன்தான் சொன்னார்.

"ஒன்றரை மாசம் புள்ள. மண்டைக்குள்ள ஒரு வயலையே நட்டு வச்சிருந்தேன்."

அழப்போகிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்.

"சரி. புடுங்கிருவோம்."

ஏப்ரல் 28

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் முடியவில்லை.

ஐந்தாம் வகுப்பிலிருந்து இதே வயல். ஐந்திலும் எழுதினேன், ஓ.எல்.லிலும் எழுதினேன். இருபத்தஞ்சு வயசாச்சு, ஒரு வயல்ல கால் வச்சதில்ல. பட்டம் மட்டும் என்னவாம்? நோட்ஸ், பாடம், ஒப்புவிக்கிறது. நானா ஒரு வரி எழுதியிருக்கேனா? எங்க எழுதினேன்? அந்த நேர்முகத்துல 'உங்களைப் பற்றி'ன்னு கேட்டாங்க. எந்தக் கொப்பியிலயும் அது இல்ல. அதான் வரல.

மே 4, ஞாயிறு

அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மலையில் ஒரு நாளைக்கு மூன்று தரம் கொழுந்து நிறுப்பார்கள். தராசுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு வசனம் மனதுக்குள் அமைப்பாராம். அந்த நிமிடம் கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டும். தெரியாத சொல்லை மாலையில் என்னிடம் போனில் கேட்டு எழுதிக்கொள்வார். ஐந்து நாள் சேர்த்ததை இன்று காட்டினார். தமிழில் சொன்னால்:

இன்று பனிமூட்டம். ராசம்மா அக்கா கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் இருமுவது கேட்கிறது.

என் புதிய செருப்பு வழுக்குகிறது. நான் பழையதைப் போட்டேன்.

கண்டாக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

இரண்டு இடத்தில் சிறு பிழை. திருத்தினேன். திருத்திவிட்டுத் திரும்ப வாசித்தேன், இன்னொரு தரமும் வாசித்தேன். அந்த இருமல் என் அம்மாவுடையது. தினமும் கேட்கிறேன். என் எழுத்தில் அம்மா ஒரு வரியிலும் வந்ததில்லை. இந்த மனுஷி தராசு வரிசையில் நின்றுகொண்டு அம்மாவை எழுதியிருக்கிறார்.

"என்னா புள்ள பேச்சக் காணோம்? அவ்வளவு மோசமா?"

"இல்லக்கா. நல்லா இருக்கு."

இதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: நான் வாசித்த ஆங்கிலத்திலேயே இதுதான் எனக்குப் பிடித்தது.

மே 5

நானும் ஒன்று எழுதிப் பார்த்தேன். என் அம்மா கூடையை இறக்கி வைக்கிறார்.

இலக்கணம் சரியா என்று பார்க்கவில்லை. அவர் இறக்கி வைத்தது உண்மை.

மே 18, ஞாயிறு

கடைசி மாதிரிப் பரீட்சை. அக்காவுக்கு நாற்பத்தாறு. ஐம்பது வேண்டும். எழுதியதில் குறையில்லை, எழுதியது போதவில்லை. எண்பது சொல் கேட்ட இடத்தில் நாற்பதோடு நிறுத்திவிடுகிறார்.

"சொல்ல வேண்டியது முடிஞ்சிருச்சே மிஸ். அப்புறம் எதுக்கு இழுக்கிறது?"

"எண்பது கேட்டா எண்பது குடுக்கணும் அக்கா. இல்லாட்டி வெட்டிருவாங்க."

இன்னும் ஆறு நாள். யோகேஸ்வரன் ஐயாவின் இடத்துக்குக் கொட்டகலையிலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனதாக அம்மா சொன்னார். அக்காவுக்கும் தெரியும். 

மே 24, சனி

பரீட்சை முடிந்தது. ஹட்டனில் காலையிலிருந்தே மழை. மண்டபத்தின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மேற்பார்வையாளர் சொன்னது பாதி கேட்கவில்லை.

கடைசிக் கேள்விதான் பெரியது. ஒரு நண்பி முதல் தடவை உங்கள் வீட்டுக்கு வருகிறார். எப்படி வருவது, என்ன கொண்டுவருவது, என்ன எதிர்பார்க்கலாம் என்று எண்பது சொல்லுக்குக் குறையாமல் எழுதுக. வாசித்து முடிப்பதற்குள் என் கை தன்பாட்டில் வயலை எழுதிவிட்டது! முதல் வரி முழுக்க. பக்கத்து வரிசையைப் பார்த்தேன். அங்கும் வயல்தான் விளைந்துகொண்டிருந்தது.

எனக்கு இரண்டு மேசை முன்னால் அக்கா. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தராசுக்கு நிற்பதுபோல் சும்மா இருந்தார். அவசரமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து எழுதத் தொடங்கினார். நான் என் வரியை வெட்டினேன். தாள் அழுக்கானது. பரவாயில்லை. மஸ்கெலியா பஸ்ஸில் ஏறு என்று தொடங்கினேன்.

வெளியே வந்து ஒரு குடைக்குள் இருவரும் நின்றோம்.

"என்னக்கா எழுதினீங்க?"

"மூணாவது லயத்து வீட்டுக்கு வான்னு எழுதினேன். மழைக்கு அட்டை கடிக்கும், உப்பு கொண்டு வான்னு எழுதினேன். ரெண்டு நாய் இருக்கு, ஒண்ணுதான் கடிக்கும்னு எழுதினேன்."

"சொல்லு எண்ணினீங்களா?"

"எண்ணினேன். எழுபத்தாறு. இன்னும் நாலுக்கு எங்க போறதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். அப்பதான் புள்ள உறைச்சிச்சு, எந்த நாய் கடிக்கும்னு சொல்லவே இல்லையே! பாவம், அவ எப்படி வருவா? கறுப்பு நாய் கடிக்கும், மத்ததுக்கு வயசாயிருச்சுன்னு போட்டேன். எண்பதும் தாண்டிருச்சு."

மழையில் நின்று அவ்வளவு சிரித்திருக்கிறோம். பஸ்ஸில் ஏறிய பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கை குளிர்ந்திருந்தது. சிரிப்புக்குப் பின்னால் இருந்த பயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் 11

முடிவு இன்னும் வரவில்லை. தினமும் அந்தியில் அக்கா லயத்துப் படியில் நின்று என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். உள்ளே போய்விடுவார்.

ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டது. எனக்கு அறுபத்தெட்டு. அக்காவுக்கு ஐம்பத்துமூன்று.

நிறுக்கிற இடத்துக்கே ஓடினேன். நான்! இத்தனை பேர் பார்க்க, மலைக்கு நடுவில், மூச்சிரைக்க. 'பாஸ்' என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. அக்கா கூடையை இறக்காமலே நின்றார்.

"எவ்வளவு?"

"ஐம்பத்துமூணு. கொஞ்சம்தான் தாண்டியிருக்கு."

"பெரிய துரை பாஸான்னுதான் கேட்டாரு. எவ்வளவுன்னு கேக்கலையே." பிறகு மெதுவாக, "ஒனக்கு?"

சொன்னேன். கூடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். என் உடுப்பெல்லாம் ஈரம்.

ஜூலை 8, செவ்வாய்

காலை ஏழரைக்கே அம்மா வீடு திரும்பிவிட்டார். வெறும் கூடை. அதை மூலையில் எறிந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்துவிட்டது.

"ஒடம்புக்கு முடியலையாம்மா?"

"ஒடம்புக்கு என்னா கேடு? ஒன் கூட்டாளி திருப்பி அனுப்பிட்டா!"

"யாரு?"

"யாரா? கண்டாக்கம்மா! 'ராசம்மாக்கா, பெரட்டு முடிஞ்சு அரை மணியாச்சு, நாளைக்கு வாங்க'ங்குறா. அத்தனை பேர் முன்னுக்கு. அவளுக்குக் கொழுந்து கிள்ளக் கத்துக் குடுத்ததே நான்தான்! யோகேஸ்வரன் ஐயா இருந்திருந்தா போன்னு விட்டிருப்பாரு. நீதான் பாஸ் பண்ணிட்டியே, எடு தாளை. பெரிய துரைக்கு ஒரு பெட்டிசன் எழுது. இங்கிலீசுல!"

தாளை எடுத்தேன். "எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஏழு இருக்கும்."

"ஏன் பிந்திச்சு?"

"அழகம்மா வாசல்ல நின்னா. பேசிட்டு வர்றதுக்குள்ள..."

எழுதினேன். பேனா எங்கும் நிற்கவில்லை. முடித்ததும், தமிழில் வாசி என்றார் அம்மா. வாசித்தேன்.

ஐயா, என் அம்மாவின் பெயர் ராசம்மா. பெரட்டு ஆறரைக்கு முடியும். அம்மா ஏழு மணிக்குப் போனார். வழியில் அழகம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். கண்டாக்கு என் அம்மாவை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அம்மாவுக்குக் கோபம்.

"அம்புட்டுத்தானா? அவ மேல குத்தம்னு எங்க இருக்கு?"

"நீங்க சொன்னதத்தான்மா எழுதினேன்."

தாளைப் பிடுங்கினார். கிழித்துப்போடுவார் என்றுதான் நினைத்தேன். அதை என் பக்கம் திருப்பினார்.

"இதுல என் பேரு எது?"

விரல் வைத்துக் காட்டினேன். அம்மா தாளை மடித்து, அடையாள அட்டை வைத்திருக்கும் பைக்குள் வைத்தார்.

"துரைக்கெல்லாம் வேணாம். இருக்கட்டும்."

ஜூலை 9

அம்மா ஆறு மணிக்கே போய்விட்டார். அழகம்மா வாசலில் நின்று ஏதோ கேட்பது கேட்டது. அம்மா நிற்காமல், நடந்துகொண்டே பதில் சொன்னார்.