மேரியும் லேசரும்

பிப்ரவரி 1, சனி

காலையில் பனி. எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. மூக்கடைப்பு, தும்மல். மெடிக்கலில் சளி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டேன்.

நாளைக்கு வேண்டியவை: இஸ்திரி போட்ட சட்டை. முறுக்கு. கொஞ்சம் தைரியம்.

நாளை மேரியுடன் வெலிங்டன் ஏரிக்கு. திட்டக்குடி வரை பஸ், அப்புறம் ஆட்டோ. கரையில் உட்கார்ந்ததும் கேட்டுவிட வேண்டும், என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று. அறுபத்திரண்டு வயதில் கேட்கிற கேள்வியா இது! அவளுக்கும் புருஷன் போய் வெகுகாலம். எனக்கும் வீட்டில் விளக்குப் போட ஆளில்லை. அவள் செராமிக் யூனிட்டில் பேக்கிங், நான் அங்கேயே கணக்கு. டீ நேரத்தில் பேசிப் பேசியே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். நேரில் ‘நீங்க’. இங்கே மட்டும் ‘அவள்’. யார் பார்க்கப் போகிறார்கள்.

மதியத்திலிருந்து தண்ணீர் தொடவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் அவமானம் வேண்டாம். மூத்திரம் முக்கி முக்கிச் சொட்டுகிறது, போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி வருகிறது. ரொம்ப நாளாக இப்படித்தான். மேரிக்குத் தெரியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஏரியைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். கரும்பு, பனி, கரும்பு. அவள் தோள் படும்போதெல்லாம் பஸ் மெதுவாகப் போனால் தேவலை என்று இருந்தது. பெண்ணாடம் நெருங்கும்போது அடிவயிறு கல்லாகிவிட்டது. இறங்கிக் கட்டணக் கழிப்பறைக்கு ஓடினேன். ஒரு சொட்டு வரவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் போலிருக்கிறது.

“என்னா சார், மூஞ்சி இப்புடி வெளுத்துப் போச்சு? எங்க வலிக்கிது?”

அடிவயிற்றைக் கையால் பொத்திக்கொண்டேன். அவளாகவே ஆட்டோ பிடித்தாள். திரும்ப விருத்தாசலம். ஆஸ்பத்திரியில் மூத்திரம் இறங்கக் குழாய் போட்டார்கள். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அந்த நிமிடம்தான்.

சளி மாத்திரை செய்த வேலையாம். “புராஸ்டேட் வீங்கியிருக்கிறவங்க இதக் கேக்காம போடவே கூடாதுங்க” என்றார் டாக்டர். சட்டை மட்டும் கசங்கவேயில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பாண்டி. தனியார் ஆஸ்பத்திரி, குழாயும் பையுமாகவே போனேன். சின்ன வயசு டாக்டர், பொறுமைசாலி. நெல்லிக்காய் அளவு இருக்க வேண்டிய புராஸ்டேட் எனக்கு ஆரஞ்சு அளவாம்.

“வயித்தக் கிழிக்க மாட்டோம். மூத்திரம் வர்ற வழியாவே உள்ள போயி லேசரால உரிச்சு எடுத்துடுவோம், ஆரஞ்சுச் சுளைய உரிக்கிறாப்புல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிங்க. தாம்பத்தியத்துக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா விந்து வெளிய வராது, மூத்திரப்பைக்குள்ள போயிடும். இந்த வயசுல உங்களுக்கு அது ஒரு கவலையா இருக்காதில்ல?”

இல்லை என்றேன், உடனே. என்ன அவசரமோ.

கடலூர் வரை பஸ்ஸில் அதே நினைப்பு. இதைச் சொல்லாமல் அவளை எப்படிக் கேட்பது? சொல்லிவிட்டால், வேண்டாம் என்பாளோ? கேட்காமலே இருந்துவிட்டால் டீ நேரமாவது மிஞ்சும். தூங்கிவிட்டேன். பக்கத்து சீட் ஆள் எழுப்பினார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அட்மிஷன். பையனுக்குத் திருப்பூரில் லீவு கிடைக்கவில்லை. போனில், “யாராச்சும் ஆம்பளையா கூட வச்சிக்கப்பா.” மேரி கட்டைப்பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். வேண்டாம் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

நர்ஸ்: “கூட இருக்கப் போறது யாருங்க? என்னா வேணும்?”

மேரி: “வூட்டுக்காரி.”

கண் கூட இமைக்கவில்லை. நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்காகச் சொன்னதா? கேட்கப் பயம். மனதுக்குள் திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல்லையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு என்ன என்று நினைவில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். திருநீறு பூசினாற்போலத்தான் இருந்தது.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை. கால்கள் தனியாக எங்கோ போய்விட்டன, ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கும். அவை பாட்டுக்கு நடக்கட்டும்.

திரையைத் திருப்பி வைத்தார்கள். என் உள்ளேதான். தெளிந்த தண்ணீர். ரோஜா நிறச் சுவர். ஒரு வெளிச்சப் புள்ளி ஓரமாகவே போகிறது, போன இடமெல்லாம் வழி திறக்கிறது. வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மிதக்கிறது. இத்தனை வருடம் என்னைக் கஷ்டப்படுத்தியது இவ்வளவு அழகாகவா இருந்தது. யாரோ ஏசியைக் குறைக்கச் சொன்னார்கள். யாரோ மகளின் பரீட்சை பற்றிப் பேசினார்கள். தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்பது மாதிரி. மேரியும் கூட இருந்து பார்க்கலாமே என்று தோன்றியது. பிறகு ச்சீ என்றும் தோன்றியது.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழக்கமாகச் செய்வதுதானாம்.

பிப்ரவரி 20, வியாழன்

வலி அதிகமில்லை. எரிச்சல். பையில் ரோஜா நிறத் தண்ணீர். அதை மேரிதான் எடுத்துக் கொட்டுகிறாள். யூனிட்டில் கப்பை வைக்கோலுக்குள் வைக்கிற அதே நிதானம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எதுக்கு சார் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க? இட்லி இந்தப் பக்கமால்ல இருக்குது.”

பக்கத்துக் கட்டில் ஸ்ரீமுஷ்ணத்து விவசாயி. அவருக்குக் குழாய் எடுத்தாயிற்று. போனில் ஊருக்கே சொல்கிறார்: “மோட்டாரு போட்ட மாரி வருதுடா!” வார்டே சிரித்தது. நர்ஸ் முறைத்தது.

கண்ணாடியைக் காணோம். தலையணைக்கடியில் இருந்தது.

சாயங்காலம் ஜன்னலில் வெயில் மஞ்சளாக விழுந்தது. மேரி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள், வாய் லேசாகத் திறந்து. பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் நாளைக்கு எழுந்து போய்விட்டால் எனக்குத் தாங்காது. அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் மறைத்துக் கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் குழாய் எடுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். மேரி கூடவே.

பாத்ரூம். தாழ் போட்டேன். நின்றேன். வந்தது. முக்காமல், யோசிக்காமல், தானாக, பதினேழு வயதில் வந்தது மாதிரி. சுவரில் கை வைத்துக்கொண்டு தேம்பிவிட்டேன்.

“சார்? என்னா ஆச்சு? வலிக்கிதா?” கதவுக்கு வெளியே மேரி.

“வருதுங்க. நல்லா வருது.”

“மாதாவே! அதுக்கு யாராவது அழுவாங்களா?”

முடித்து வேட்டியைக் கட்டினால், திரும்புவதற்குள் சொட்டி நனைந்துவிட்டது. கொஞ்ச நாள் அப்படித்தான் கசியும், தானே சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் இந்தக் கோலத்தில் எப்படி வெளியே போவது. கதவு நடுவில் இருந்ததால்தான் வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

“மேரி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் அன்னிக்கி ஏரிக்குக் கூப்புட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.” டாக்டர் சொன்னதைச் சொன்னேன். விந்து என்ற சொல்லையும் சொன்னேன், விழுங்காமல். “முழு ஆம்பளையான்னு எனக்கே தெரியலைங்க. தெரிஞ்சுக்கிட்டு நீங்க முடிவு பண்ணுங்க.”

போய்விட்டாள் என்று நினைத்தேன். குழாயடியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

பிறகு, ரொம்பக் கிட்டத்தில், கதவில் வாய் வைத்துப் பேசுவது போல:

“எனக்குக் கர்ப்பப்பைய எடுத்து எட்டு வருஷம் ஆவுது, சார். இதச் சொன்னா நீங்க டீ குடிக்கக்கூட வரமாட்டீங்கன்னு நான் வாயே தொறக்கல. முழுப் பொம்பளையான்னு என்னை நானே எத்தினி வாட்டிக் கேட்டுக்கிட்டேன், தெரியுமா?”

அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

“கேக்க வந்ததக் கேளுங்க. கதவத் தொறந்துட்டு, மூஞ்சியப் பாத்துக் கேளுங்க.”

வேட்டி நனைந்துதான் இருந்தது. அப்படியே போய்த் திறந்தேன்.