தலைகீழாகப் பார்த்த மொழி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம், அதுவும் படியேறும்போது மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எப்போதும் நினைப்பு. உன் தம்பி தன் சட்டையைத் தானே இஸ்திரி போட ஆரம்பித்திருக்கிறான், ஏதோ விஷயம் இருக்கிறது என்று உன் அம்மா ஒரு வாரமாக என் காதைக் கடிக்கிறாள், சட்டை கசங்கியிருந்தது அதுதான் விஷயம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று அச்சகத்துக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டு உன் அம்மா கண்ணயர்ந்துவிட்டாள், வெளியே மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாதபடி தூறிக்கொண்டிருக்கிறது, துணிக் கம்பியில் சொட்டுகள் வரிசையாக வந்து நிற்பதையும் ஒவ்வொன்றாக விழுவதையும் பார்த்தபடி உனக்கு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா ஒன்பது பேசிவிடுவாள், இது இடையில் யாரும் புகாமல் சொல்ல வேண்டிய சங்கதி.

நான் மருந்துப் பாட்டில் லேபிள் சரிபார்ப்பவன் என்று உனக்குத் தெரியும், எப்படிப் பார்க்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு பெரிய தாளில் இருபத்து நான்கு லேபிள்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் மேலே ஆங்கிலம், கீழே போர்ச்சுகீசியம். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் சரியான தாளையும் புதிதாக அடித்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். இதில் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, தாளைத் தலைகீழாகப் போட்டுத்தான் பார்ப்போம். நேராகப் போட்டால் மனசு படிக்க ஆரம்பித்துவிடும், படிக்க ஆரம்பித்தால் இல்லாத எழுத்தையும் இருப்பதாகக் காட்டிவிடும். பதினொரு வருஷமாக அந்த மொழி எனக்குத் தலைகீழாகத்தான் பழக்கம். அவர்கள் ஒரு எழுத்துக்கு அடியில் சின்ன வால் வைப்பார்கள், எனக்கு அது கொம்பு. கொம்பு முளைத்த அந்த எழுத்து எந்தச் சொல்லில் வருகிறது, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், ஒன்றும் தெரியாது, தெரியாததுதான் என் திறமை. என்னைப் பூதக்கண்ணாடி என்று அங்கே கூப்பிடுவது சும்மா இல்லை.

அப்புறம் நீ அந்த மொழி பேசும் ஊருக்கே குடிபோனாய், குட்டியும் பிறந்தாள், பகலெல்லாம் காப்பகத்தில் இருப்பவள் அவர்கள் பேச்சைத்தானே பேசுவாள், நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் போன் திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் ஆர்வக்கோளாறில் அச்சகத்தில் யாரோ வாசிக்கக் கேட்டு எனக்கு உச்சரிக்கத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா. 'அஜிட்டே ஆன்டெஸ் டே உஸார்.' உபயோகிக்கும் முன் குலுக்கவும் என்று அர்த்தமாம். ஏதோ வணக்கம் சொல்வது மாதிரி கை கூப்பிக்கொண்டு வேறு சொன்னேன். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. பிள்ளை பாவம், தாத்தா சொல்கிறாரே என்று தலையிலிருந்து கால்வரை தன்னைக் குலுக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து என் முகம் திரையில் தெரிந்தால் ஒரு குலுக்கு, அடுத்த நொடி ஆள் மாயம். உன் அம்மாவோ தங்கமே, சாப்பிட்டியா, அந்தப் பொம்மைக்கு எங்கே ஒரு காலைக் காணோம் என்று சுத்தத் தமிழில் பொழிகிறாள், அவளும் ஏதோ பதில் சொல்கிறாள், இருவருக்கும் புரிந்துவிடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அதனால்தான் பழைய புத்தகக் கடையில் அட்டை பிய்ந்த ஆங்கில–போர்ச்சுகீசிய அகராதி ஒன்றை வாங்கினேன். லேபிளின் கடைசி வரியிலிருந்து தொடங்கினேன், எல்லா லேபிளிலும் அது இருக்கும், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பது. அதில் ஆங்கிலக்காரர்கள் ரீச் என்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். அகராதியில் அந்த ஒரு சொல்லுக்கே அரைப் பக்கம். உயரத்தில் இருப்பதை எட்டிப் பிடித்தால் அல்கான்ஸார், கை எவ்வளவு தூரம் போகுமோ அந்தத் தூரத்துக்கு அல்கான்ஸே, ஊர் போய்ச் சேர்ந்தால் ஷெகார், கையை நீட்டினால் எஸ்டென்டேர், எட்டாத வெளியில் இருந்தால் ஃபோரா. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவற்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன், தெரு பின்னால் போய்க்கொண்டிருக்கும், கடைப் பலகைகளும் மரங்களும் சொற்களும் ஒன்றோடொன்று கலந்து நகரும், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு முறை நடந்தே திரும்பியிருக்கிறேன். எட்டுவது என்று படித்தால் குட்டி ஒரு நாற்காலியில் ஏறி நுனிக்காலில் நிற்பாள். வந்து சேர்வது என்று படித்தால் உன் வீட்டுக் கதவு திறக்கும், அவள் வெறுங்காலோடு ஓடி வருவாள். உன் வீட்டுத் தரை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, நானாக நீலம் போட்டுக்கொண்டேன். அந்த நீலத் தரையில் அவள் ஓடுவதும் நிற்பதுமாக எத்தனையோ மத்தியானங்கள் கழிந்தன. அந்தக் கடைசி வரியில் கொம்பு முளைத்த எழுத்து வரும் சொல் எது தெரியுமா, க்ரியான்ஸாஸ், குழந்தைகள். பதினொரு வருஷமாகக் குழந்தைகளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் அம்மா.

இதில் வந்த வினைதான் இந்தக் கடிதம். போன மாதம் ஒரு நாள் வேலை மேஜையில் தாளை நேராகப் போட்டேன். வேண்டுமென்றே போட்டேன் என்று சொல்ல மாட்டேன், கை தானாகப் போட்டது, படிக்க வேண்டும் போல இருந்தது. இருபத்து நான்கையும் பார்த்தேன், கையெழுத்தும் போட்டேன். எங்கள் விதிப்படி இரண்டு கையெழுத்து வேண்டும், இரண்டாவது எதிர் மேஜை அம்மாளுடையது, அவர் வாய் திறந்து பேசுவதே வருஷத்துக்கு நான்கு முறை. அவர் தாளைத் தலைகீழாகப் போட்டார், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து மூன்றாவது வரிசையில் ஒரு லேபிள்மேல் விரலை வைத்தார். அதில் கடைசி வரியே இல்லை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் அந்த ஒரு வரி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. நான் அதைப் படித்தேன் என்று சத்தியம் செய்வேன், எழுத்துகூட மனசில் நிற்கிறது, ஆனால் தாளில் இல்லை. அவர் மட்டும் விரல் வைக்காமல் விட்டிருந்தால் எந்த வீட்டில் எந்தக் குழந்தையின் கைக்கு அந்தப் பாட்டில் கிடைத்திருக்குமோ.

அவர் யாரிடமும் சொல்வதாக இல்லை, நானேதான் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். மனுஷன் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட விட்டதில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, அகராதி வாங்கிப் படிக்கிறேன், எனக்கு இப்போது அந்த மொழி கொஞ்சம் புரிகிறது, அதுதான் கோளாறு என்றேன். பிரிவுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இப்படி ஒரு புகார் வந்ததில்லை போலிருக்கிறது, அகராதியை மூடி வைத்துவிட்டுப் பழையபடி உட்காருங்கள், இல்லையென்றால் போர்ச்சுகீசியம் பார்க்கும் அந்த ஜன்னலோர மேஜையை விட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்து நடக்காது என்றார். யோசித்துச் சொல்லச் சொல்லி ஒரு வாரம் கொடுத்தார். உனக்கே தெரியும், அந்த மேஜைக்காக நான் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றேன் என்று. மறுநாள் காலையிலேயே போய் மேஜையை விட்டுவிட்டேன். எனக்கு அறவே தெரியாத வேறு மொழி லேபிள்களைக் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்திருக்கிறார், எறும்பு வரிசை மாதிரி எழுத்துகள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, நிம்மதியாக இருக்கிறது. உன் தம்பி மட்டும் இந்த எறும்பு மொழி பேசும் ஊர்ப் பக்கம் பெண் பார்க்காமல் இருக்க வேண்டும். இஸ்திரியை நினைத்தால் எனக்கும் இப்போது பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நீ வா வா என்று அழைக்கும்போதெல்லாம் அச்சகத்தில் ஆளில்லை, விடமாட்டார்கள் என்று சொன்னது பொய். லீவு கேட்டதே இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் பேசிச் சிரிக்கும்போது மூலையில் வைத்த மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டுமே, குட்டி வந்து பார்த்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓடிவிடுவாளே என்று பயந்தேன். உன் அப்பனுக்கு மூன்று வயதுப் பிள்ளையிடம் பயம், சிரிக்காதே. இப்போதும் ஐம்பது சொல்தான் தெரியும், அதிலும் பாதி மருந்து சம்பந்தப்பட்டவை. ஆனாலும் நேற்று லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், மூன்று மாதம், மேற்பார்வையாளர் கையெழுத்தும் ஆகிவிட்டது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, தூங்கி எழுந்ததும் சொன்னால் அடுத்த நிமிஷமே பெட்டியை இறக்கச் சொல்வாள், அந்தப் பெட்டி பரண்மேல் இருக்கிறது, இடுப்பு என்னுடையது.

நீ ஒழுங்காகச் சாப்பிடு, வேலை வேலை என்று நிற்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து இருக்க அப்பா அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. இந்தக் கடிதத்தை நேராக வைத்துத்தான் திருப்பிப் படித்தேன், ஏதாவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள். ஒன்று மட்டும் மறக்காமல் செய். எங்கள் இருவர் படத்தைக் குட்டி இழுத்து உடைத்துவிடுவாள் என்று அலமாரி உச்சியில் வைத்திருப்பதாகவும், அவள் அதைக் காட்டி அழுவதாகவும் போன வாரம் சொன்னாய் அல்லவா. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கீழே, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வை. கிழித்தால் கிழிக்கட்டும், நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா