கடை கை மாறிடுச்சுங்க

திருவண்ணாமலை
4.11.1997

அன்பு மகன் அர்ஹந்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் பாத்திரக் கடையும் சுகம். நீ செங்கம் ரோடு ஓட்டல் வேலையை விட்டு, அங்கே சாப்பிட வந்த ஜெர்மன்காரர்களோடு பாய்மரப் படகேறி ஒரு வருஷம் ஆகிறது. தீவு தீவாகப் போகிறாயாம். எட்டாவது பெயிலான எனக்கு, மேப்பில் அந்தத் தீவெல்லாம் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடம் மாதிரி தெரிகிறது.

வந்தவாசிப் பக்கம் உனக்குப் பெண் பார்த்திருக்கிறோம். பெயர் நிவேதா. அவள் அப்பாவுக்கு நம் ஜைனர்களிலேயே ஆசாரம் ஜாஸ்தி. மீன் வாசம் வரும் தெருவில்கூட நடக்கமாட்டார். "பையன் என்னா பண்றாருங்க?" என்றார். "கப்பல்ல ஆபீசர்"னு வாய் தானாகச் சொல்லிவிட்டது. படகில் சமையல் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு ஒரு போட்டோ அனுப்பு.

ஆசிகளுடன்,
அப்பா அனந்தநாதன்

மாலே, மாலத்தீவு
2.12.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே சட்டையே போடுவதில்லை. நாற்பதடிப் படகு, மூன்று பேர். காற்றடித்தால் போவோம், இல்லாவிட்டால் பாயைச் சுருட்டிவிட்டுக் கிடப்போம். தூண்டிலில் விழும் மீனை நான்தான் அறுத்துப் பொரிக்கிறேன். வாயில் வைத்ததில்லை. பெண் வீட்டில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

படகுக்காரர் மனைவி ஹெல்கா அம்மா ஜனவரியில் ரமணாசிரமம் வருகிறார். கடை விலாசம் கொடுத்திருக்கிறேன். உங்களைப் பார்க்க ரொம்ப ஆசையாம்.

அர்ஹந்த்

திருவண்ணாமலை
19.1.1998

அர்ஹந்து,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹெல்கா அம்மா கடை வாசலில் வந்து இறங்கினார். உள்ளே பெண்ணின் அப்பா குடம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கையில் உன் போட்டோ. வெற்றுடம்பு, மடியில் மீன், கையில் கத்தி. ஆட்டோக்காரர், "அர்ஹந்தோட அப்பா நீங்கதானே?" என்றார்.

உள்ளே கேட்காதபடி படியிறங்கிப் போய்ச் சொன்னேன்: "அவங்க இல்லீங்க. கடை கை மாறிடுச்சுங்க."

அந்தம்மா முகம் வாடிவிட்டது. மனசு கேட்காமல் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தேன். பெற்ற பிள்ளையை இல்லையென்றவன் டம்ளர் தானம் பண்ணுகிற அழகைப் பார்! என்னை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஆசிரமத்திலும் லாட்ஜ் லாட்ஜாகவும் தேடினேன். காலி பண்ணிவிட்டாராம்.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பா

மாலே
20.2.1998

அப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஹெல்கா அம்மா அந்தப் போட்டோவைக் காட்டினார். "உங்க அப்பா கடையை வாங்கினவர். நல்ல மனுஷன், டம்ளர் கொடுத்தார். இவரைத் தெரியுமா உனக்கு?" என்றார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது அப்போதே புரிந்துவிட்டது. அது அவருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று நினைத்தேன்.

"தெரியாது" என்றேன்.

உங்களைத் திட்ட எனக்கு ஏது யோக்கியதை? அந்த டம்ளரில்தான் அவர் தினமும் காபி குடிக்கிறார். கழுவி வைப்பது நான். உங்களுக்காவது ஒளிய ஒரு ஊர் இருக்கிறது. நாற்பதடிக்குள் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

நாளைக் காலை அவரிடம் சொல்லப் போகிறேன். நீங்கள் பெண் வீட்டுக்கு வந்தவாசி பஸ் ஏறுங்கள். இது உங்கள் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன்.

உங்கள் மகன்,
அர்ஹந்த்